தட்டையான தண்டு, பச்சைப் பூ: இது விகாரமா, நோயா?

யாழினி (வெள்ளவத்தை)

வணக்கம். எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் பூச்சாடிகளில் செடி வளர்க்கிறேன். அவற்றில் இரண்டு இப்போது விநோதமாக வளர்கின்றன. இரண்டுக்கும் ஒரே காரணமா, வேறு வேறா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலாவது செவ்வரத்தை. ஒரே ஒரு கிளை மட்டும் உருண்டையாக இல்லாமல் நாடாவைப் போல் தட்டையாகப் போகிறது. இரண்டு விரல் அகலம் இருக்கும். நுனியில் இலைகள் நெருக்கமாகத் திரண்டு, மொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மற்றக் கிளைகளில் எந்த மாற்றமும் இல்லை. பூவும் வழமைபோல் வருகிறது.

இரண்டாவது நித்தியகல்யாணி. ஊதாப் பூப் பூத்த செடி. இப்போது வருகின்ற பூக்கள் எல்லாம் பச்சை. இதழ் இருக்க வேண்டிய இடத்தில் சின்னஞ்சிறு இலைகள். செடி முழுவதும் இலை சிறுத்து வெளிறி, ஒவ்வொரு கணுவிலும் தளிர்கள் கொத்தாக முளைக்கின்றன.

எதிர்க் கட்டடத்தின் உச்சியில் கைத்தொலைபேசிக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதன் கதிர்வீச்சுத்தான் காரணம் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார்; இரண்டையும் பிடுங்கி எறியச் சொல்கிறார். செவ்வரத்தை, அம்மா சாமிக்குப் பூ எடுக்கும் செடி. அதைப் பிடுங்க அவர் விடமாட்டார். என்ன செய்யலாம்?


தெகிவளைத் தோட்டம்

தங்கச்சி, செவ்வரத்தையில் கை வைக்க வேண்டாம். தட்டைத் தண்டு எனக்குப் பழக்கமான காட்சி. கள்ளி, அடீனியம், சூரியகாந்தி, செவ்வந்தி எல்லாவற்றிலும் வரும். பிடிக்காவிட்டால் தட்டையாகத் தொடங்கிய இடத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பெரும்பாலும் புதிய கிளை உருண்டையாகவே வரும். பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள். சாமிக்கு வைக்கவும் தடையில்லை.

நித்தியகல்யாணியைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


பனங்காய் (கொட்டாஞ்சேனை)

கோபுரம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கதிர்வீச்சை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடவும் கூடாது. புக்குசிமா அணு உலை விபத்துக்குப் பிறகு ஜப்பானில் எடுத்த டெய்சிப் பூப் படம் 2015இல் உலகம் முழுவதும் பரவியது. இரண்டு பூக்கள் ஒட்டிப் பிறந்தவைபோல் இருந்தன, தண்டு தட்டையாக இருந்தது. யாழினி சொல்வது அதே வடிவம்தானே? எங்கள் பேருவளைக் கடற்கரை மணலிலும் தோரியம் கலந்த மொனசைற்று இருக்கிறது. செடிகள் எதையும் பேசமாட்டா. உருவத்தால்தான் காட்டும். பயப்படுகிறவர்களைப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்வது எளிது. ஏன் இல்லை என்று யாராவது விளக்குங்கள்.


பச்சையம் (பம்பலப்பிட்டி)

பனங்காய் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மாணவர்களும் இதையே கேட்பார்கள், அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

கதிர்வீச்சு தாவரத்தில் விகாரத்தை, அதாவது பரம்பரையலகில் நேரும் மாற்றத்தை, உண்டாக்கும் என்பதில் ஐயம் இல்லை. 1927இல் ஹேர்மன் மல்லர் பழ ஈக்களிலும், 1928இல் லூயிஸ் ஸ்ராட்லர் பார்லியிலும் எக்ஸ் கதிரைச் செலுத்தி அதைக் காட்டினார்கள். 1986க்குப் பின் செர்னோபிலைச் சுற்றியிருந்த பைன் மரங்கள் உச்சிமொட்டின் ஆதிக்கத்தை இழந்து பக்கக் கிளைகளாகக் குழம்பி வளர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆனால் அவை அயனாக்கும் கதிர்கள். கைத்தொலைபேசிக் கோபுரம் அனுப்புவது வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. பரம்பரையலகில் உள்ள இரசாயனப் பிணைப்பை உடைக்கும் வலு அதற்கு இல்லை.

அந்த டெய்சிப் படம் அணு உலையில் இருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தள்ளி, நசுஷியோபாரா நகரில் எடுக்கப்பட்டது. அணு உலையே இல்லாத நாடுகளின் சாலையோரங்களிலும் அதே வடிவத்தில் டெய்சி பூக்கிறது. அணு யுகத்துக்கு முன்னரும் பூத்தது. கதிரால் வந்த விகாரம் என்றால் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும். அது குறிபார்த்து ஒரே வடிவத்தைத் தராது. பல செடிகளில் பல விதமாக, வெளிறல், மலடு, குட்டை, முளைக்காத விதை என்று சிதறித் தெரியும். ஒரு செடியின் ஒரே கிளை தட்டையாவது அந்தக் கதைக்குப் பொருந்தாது.

அப்படியானால் கிளை ஏன் தட்டையாகிறது? தண்டின் நுனியில் பிரியிழையம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிறிய குவியல். இலை, கணு, பூ எல்லாம் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அங்கே இரண்டு கட்டளைகள் எப்போதும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கின்றன. வுஷெல் என்ற பரம்பரையலகு, பிரியக்கூடிய கலங்களைக் குறையவிடாமல் காக்கிறது. கிளாவாட்டா என்ற தொகுதி, அவை பெருகிவிடாமல் தடுக்கிறது. இந்தச் சமநிலை கெட்டால் குவியல் பக்கவாட்டில் நீண்டு, புள்ளியாக இருந்தது கோடாகிவிடும். கோடாக வளரும் நுனி தட்டையான தண்டைத்தான் தரும்.

சமநிலை பரம்பரையலகிலேயே கெட்டிருந்தால் விதை வழியாகத் தொடரும். கோழிக்கொண்டைப் பூ அப்படிப்பட்டது. நாம் முற்றத்தில் விரும்பி வளர்க்கும் அந்தக் கொண்டை முழுவதும் தட்டையாகிய தண்டுதான். விதை போட்டால் அதே கொண்டை வருகிறது. சந்தையில் வாங்கும் பெரிய, பல அறைகள் கொண்ட தக்காளியும் இதே தொகுதியில் நேர்ந்த விகாரங்களால் பெருத்தது. காட்டுத் தக்காளிக்கு இரண்டே அறைகள். மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வின் ஏழு பண்புகளில் ஒன்று, பூக்கள் தண்டின் வழியெங்கும் வருகின்றனவா, உச்சியில் திரண்டு வருகின்றனவா என்பது. உச்சியில் திரளும் அந்தப் பட்டாணியின் தண்டும் மேலே அகன்று தட்டையானதுதான். பரம்பரையியல் என்ற துறை தொடங்கிய வேளையிலேயே இந்த வடிவம் மேசைமேல் இருந்தது.

யாழினியின் செவ்வரத்தையில் மற்றக் கிளைகள் சரியாக இருக்கின்றன. ஆகவே காரணம் அந்த ஒரு நுனியில்தான் இருக்கிறது. நுனி சிறிதாக இருந்தபோது பூச்சி கடித்திருக்கலாம், கத்தரிக்கோல் பட்டிருக்கலாம், வெட்டிய பிறகு உரம் கிடைத்து அளவுக்கு மீறிய வேகத்தில் தளிர்த்திருக்கலாம். எது என்று இப்போது யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் இல்லை. தெகிவளைத் தோட்டம் சொன்னதே சரியான வழி.


கறுவாக்காடு

பச்சையம் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரோடோகொக்கஸ் என்ற பக்டீரியாவும் இப்படிப்பட்ட வளர்ச்சியைத் தரும். அது தளிர்க்கத் தூண்டும் சைற்றோகைனின் ஓமோனைத் தானே உண்டாக்கிச் செடியின் கணக்கைக் குழப்பிவிடும். பெரும்பாலும் தண்டின் அடியில், மண்மட்டத்தில், தடித்த குறுந்தளிர்கள் கொத்தாக வரும். வெட்டுத் துண்டுகளாலும் கத்தியாலும் பரவும். ஆகவே தட்டைக் கிளையை வெட்டிய கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள். அதிலிருந்து பதியம் எடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கவும் வேண்டாம், குறைந்தது அடுத்த தளிர் எப்படி வருகிறது என்று பார்க்கும் வரை.


யாழினி (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், செவ்வரத்தைக்கு விடுதலை கிடைத்துவிட்டது. நித்தியகல்யாணிதான் மிச்சம். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: அதற்குப் பக்கத்துச் சாடியில் கத்தரி நிற்கிறது. அதன் புதிய இலைகளும் சிறுத்து மெலிந்து வருகின்றன. காய்க்கவே இல்லை.


எள்ளுவயல் (வவுனியா, இப்போது மட்டக்குளி)

தங்கச்சி, கத்தரியைச் சொன்னதும் விடயம் தெளிவாகிவிட்டது. நித்தியகல்யாணிக்கு வந்திருப்பது பெரும்பாலும் பைட்டோபிளாஸ்மா. கத்தரியின் சிற்றிலை நோயும் அதே இனம். எள்ளு விதைக்கும் எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் இந்தப் பச்சைப் பூவை உடனே அடையாளம் காட்டுவார்கள். எள்ளில் பூ வரவேண்டிய இடமெல்லாம் இலையாகி, காய் பிடிக்காமல் செடி பச்சையாகவே நிற்கும். வயலைப் பார்த்துப் பார்த்து ஏங்க வைக்கும் நோய் அது. செடி சாகாது. பார்ப்பவருக்குச் செழிப்பாகத் தெரியும். அறுவடையில்தான் வெறுங்கை.

பைட்டோபிளாஸ்மா என்பது கலச்சுவர் இல்லாத ஒரு பக்டீரியா. செடியின் உரியத்துக்குள், அதாவது உணவு ஓடும் குழாய்களுக்குள் வாழ்கிறது. இத்தகைய நோய்களுக்கு வைரசுதான் காரணம் என்று நீண்ட காலம் எண்ணியிருந்தார்கள். 1967இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் குட்டையாகிப் போன மல்பெரிச் செடியின் உரியத்தைப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கலச்சுவர் இல்லாததால் பென்சிலின் வேலை செய்யாது. டெட்ராசைக்கிளின் கொடுத்தால் அறிகுறி அடங்கும். நிறுத்தினால் திரும்ப வரும். ஆய்வுகூடத்தில் செய்யலாம், மேல்தளத்தில் செய்யக்கூடாது.

பூ எப்படி இலையாகிறது என்பதுதான் என்னை வியக்க வைக்கும் பகுதி. பூவின் ஒவ்வொரு வட்டமும் புல்லியா, அல்லியா, கேசரமா, சூலகமா என்பதைச் சில பரம்பரையலகுகள் கூடித் தீர்மானிக்கின்றன. 1991இல் இதை மூன்று தொகுதிகளாக வகுத்துக் காட்டினார்கள். மூன்றையும் அணைத்துவிட்டால் பூவின் எல்லா வட்டமும் இலையாகிவிடும். இந்தப் பக்டீரியா அதைத்தான் செய்கிறது. எஸ்.ஏ.பி.54 என்ற புரதத்தை அனுப்பி, பூவை உருவாக்கும் புரதங்களைச் செடியின் சொந்தக் கழிவு முறையாலேயே அழிக்க வைக்கிறது. ஆய்வுக்காக அந்தப் புரதத்தை உண்டாக்கும்படி மாற்றிய செடிகளைத் தத்துப்பூச்சிகள் அதிகம் நாடுகின்றன என்று 2014இல் கண்டறிந்தார்கள். தத்துப்பூச்சிதான் இந்தப் பக்டீரியாவை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் வாகனம். செடியின் பரம்பரையலகில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் செடி தன் உருவத்தை இழந்துவிட்டது.

ஆகவே இது விகாரம் இல்லை, தொற்று. நித்தியகல்யாணியையும் கத்தரியையும் வேரோடு எடுத்துப் பையில் கட்டி அகற்றுங்கள். மண்ணில் இது தங்காது, சாடியையும் மண்ணையும் திரும்பப் பயன்படுத்தலாம். விதையாலும் பொதுவாகப் பரவாது. புதிய நித்தியகல்யாணியை விதையில் இருந்து தொடங்குங்கள், பழைய செடியின் தண்டை நட வேண்டாம்.


தெகிவளைத் தோட்டம்

எள்ளுவயல் அண்ணா சொல்வதை மறுக்கும் அறிவு எனக்கு இல்லை. ஆனாலும் ஓர் ஆதங்கம் இருக்கிறது. வித்தியாசமாக ஒன்று முளைத்ததும் பிடுங்கு என்கிறோம். நத்தார் காலத்தில் கொழும்புக் கடைகளில் சிவப்பு இலையோடு விற்கும் பொயின்செட்டியாவும் பைட்டோபிளாஸ்மா பிடித்த செடிதானே? சாடிக்குள் அடங்கி, கிளைவிட்டுப் பரந்து நிற்பது அந்தத் தொற்றால்தான் என்று 1997இல் கண்டறிந்ததாக வாசித்திருக்கிறேன். தொற்றை நீக்கினால் அது உயரமாக, கிளை குறைவாகப் போய்விடுகிறதாம். உலகம் முழுவதும் காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் வைக்கிறார்கள். அங்கே அழகு, இங்கே நோயா?


எள்ளுவயல் (வவுனியா, இப்போது மட்டக்குளி)

அக்கா, நீங்கள் வாசித்தது உண்மை. நல்ல எடுத்துக்காட்டும்கூட. ஆனால் பொயின்செட்டியாவில் அதை ஒட்டுவைப்பதன் மூலம் மனிதர்களே கடத்துகிறார்கள். யாழினியின் மாடியில் அது பக்கத்துக் கத்தரிக்குத் தானாகவே போயிருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் அந்த வேறுபாடு பெரியது. வெலிகமைத் தென்னைகளை நினைத்துப் பாருங்கள். 2006 அளவில் அங்கே தென்பட்ட இலை வாடல் நோயும் பைட்டோபிளாஸ்மாதான். அது மற்ற மாவட்டங்களுக்குப் போகாமல் தடுக்க எத்தனை மரங்களைத் தறிக்க வேண்டியிருந்தது, தென்னங்கன்றுகளைக் கொண்டுசெல்வதற்கு எவ்வளவு கட்டுப்பாடு விதிக்க வேண்டியிருந்தது! வேறு இனம், வேறு பயிர், யாழினியின் சாடியில் இருந்து தென்னைக்குப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. பரவும் தன்மை உள்ளதைப் பரவாத இடத்தில் மட்டுமே வைத்து இரசிக்கலாம் என்று சொல்கிறேன். நாலாம் மாடியானாலும் தத்துப்பூச்சி காற்றோடு வரும், காற்றோடு போகும்.


நாற்றுமேடை (பத்தரமுல்லை)

செடி விற்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் பரவாத வகையைப் பற்றி எழுதுகிறேன். வெள்ளைப் பட்டை விழுந்த மணிபிளாண்ட், மஞ்சள் கரை பிடித்த பாம்புச் செடி, பலநிறக் குரோட்டன். இவற்றைக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். பணத்தைக் கொட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஏமாறக்கூடாது.

இத்தகைய செடிகள் பலவற்றில் இரண்டு வகைக் கலங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வாழ்கின்றன. ஓர் அடுக்கில் பச்சையம் இருக்கும், இன்னோர் அடுக்கில் விகாரத்தால் பச்சையம் இல்லாமல் போயிருக்கும். மஞ்சள் கரைப் பாம்புச் செடியின் இலையை வெட்டி நட்டுப் பாருங்கள், வரும் கன்றுக்கு மஞ்சள் கரை இருக்காது, வெறும் பச்சையாக வரும். ஏனென்றால் புதிய கன்று இலையின் உள் அடுக்கில் இருந்து பிறக்கிறது, கரையின் கலங்கள் அதில் சேரவில்லை. கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் வைக்க வேண்டும். இலைத்துண்டை நட்டால் கரை வரும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வெள்ளை கலந்த கொடியில் திடீரென்று முழுப் பச்சையாக ஒரு கிளை வந்தால் உடனே வெட்டுங்கள். பச்சையம் நிறைந்த கிளை வேகமாக வளர்ந்து மற்றதை மறைத்துவிடும். எதிர்ப்பக்கம், முழு வெள்ளையாக ஒரு கிளை வந்தால் அதை மட்டும் வெட்டி நட்டு வளர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது தனக்கு உணவு செய்ய முடியாத கிளை. தாய்ச்செடியில் இருக்கும் வரைதான் உயிர். சிவப்புத் தலையோடு சின்னச் சாடியில் விற்கிறார்களே ஒரு கள்ளி, அந்தச் சிவப்புத் தலைக்கும் பச்சையம் இல்லை. அடியில் இருக்கும் பச்சைத் தண்டு வேறு இனம், அதன்மேல் ஒட்டுவைத்திருப்பதால்தான் வாழ்கிறது. அடித்தண்டு அழுகினால் தலையைத் தனியே காப்பாற்ற வழியில்லை, வேறு தண்டில் ஒட்டினால் உண்டு.


முற்றத்துப் பப்பாசி (வத்தளை)

எங்கள் வளவில் நீண்ட காம்பில் பூத்துத் தொங்கும் ஆண் பப்பாசி ஒன்று இருக்கிறது. தறிக்க இருந்தபோது அதே காம்பில் சிறிய காய்கள் பிடித்திருக்கின்றன. இதுவும் நோயா? பக்கத்தில் நல்ல பப்பாசியிலும் சில காய்கள் கோணலாக, வரி வரியாகப் பிளந்து வருகின்றன.


பச்சையம் (பம்பலப்பிட்டி)

நோய் இல்லை, பயப்பட வேண்டாம். பப்பாசியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை மரங்கள் உண்டு. நிறமூர்த்தத்தால் தீர்மானமாவதுதான், ஆனாலும் வெப்பநிலைக்கும் காலத்துக்கும் ஏற்பப் பூக்கள் சற்று அசைந்து கொடுக்கும். ஆண் மரத்தின் சில பூக்களில் சூலகம் முழுமை பெற்றுக் காயாகிவிடும். சாப்பிடலாம்.

கோணல் காய் இருபால் மரத்தில் வருவது. கேசரங்கள் சூலகத்தின் பகுதிகளாக மாறி அதோடு ஒட்டிக்கொள்வதால் காய் உருக்குலைகிறது. குளிர்ச்சியும் ஈரமும் நைதரசன் உரமும் கூடினால் அதிகரிக்கும். உரத்தைக் குறைத்துப் பாருங்கள். ஆனால் இலையில் மஞ்சள் தேமலும் காயில் வட்ட வட்டமான அடையாளமும் இருந்தால் அது வேறு கதை: வளையப்புள்ளி வைரசு. அந்த மரத்தை வைத்திருக்கக்கூடாது.


மிளகாய்க் கன்று (மாளிகாவத்தை)

இலை சுருளுவதையும் இந்த இழையிலேயே கேட்கலாமா? மிளகாய் இலைகள் சுருண்டு கன்று குட்டையாகிறது.


எள்ளுவயல் (வவுனியா, இப்போது மட்டக்குளி)

தாராளமாக. ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிற்றுண்ணி. இலை சிறுத்து, நரம்பு தடித்து, வெண்ஈயும் இருந்தால் வைரசு. முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு, மூன்றாவதற்கு இல்லை. பூதக்கண்ணாடியால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே எதையும் தெளியுங்கள்.

இதில் நகரவாசிகள் கவனிக்காத இன்னொரு காரணம் களைநாசினி. புல்வெளிக்கோ மதிலோரத்துக்கோ அடித்த 2,4-டி காற்றில் மிதந்து வந்தால் தக்காளியும் மிளகாயும் முதலில் காட்டும். தண்டு முறுகும், இலை ஒடுங்கி நரம்புகள் நெருங்கும். அந்த நஞ்சு செடியின் ஒட்சின் ஓமோனைப்போல் நடித்து வளர்ச்சியைக் குழப்புகிறது. கிளைபோசேற்று என்ற இன்னொரு களைநாசினி பட்ட ரோசாவில் அடுத்த தளிர் கயிறுபோல ஒடுங்கிய இலைகளோடு கொத்தாக வரும், பார்ப்பவர் விகாரம் என்றே நம்புவார். அடையாளம் இதுதான்: ஒரே பக்கத்தில் நிற்கும் பல இனச் செடிகள் ஒரே நேரத்தில் கெட்டால் தொற்றைவிட இரசாயனத்தைச் சந்தேகியுங்கள். பூச்சியும் பக்டீரியாவும் பெரும்பாலும் இனம் பார்த்துத்தான் வரும். காற்றில் வரும் நஞ்சு அப்படிப் பார்க்காது.


மூன்றாம் வருடம்

தாவரவியல் படிக்கும் மாணவி நான். இழையின் தலைப்பில் விகாரமா, நோயா என்று இரண்டு பெட்டிகள் மட்டும் இருக்கின்றன. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது.

1744இல் லின்னேயஸ் ஒரு விநோதப் பூவை விவரித்தார். லினாரியா என்ற காட்டுச் செடியின் பூ இடம் வலம் மட்டும் சமமாக, ஒரு வால் கொண்டதாக இருக்கும். அவருக்குக் கிடைத்ததோ எல்லாப் பக்கமும் சமமாக, ஐந்து வால்களோடு இருந்தது. ஓர் இனம் இன்னோர் இனமாக மாற முடியுமா என்ற கேள்வியே அவரைக் கலங்க வைத்தது. அந்தச் செடியின் காரணத்தை 1999இல்தான் கண்டுபிடித்தார்கள். சமச்சீரைத் தீர்மானிக்கும் பரம்பரையலகின் எழுத்துகள் எதுவும் மாறவில்லை. அதன்மேல் மெதைல் கூட்டங்கள் என்ற சிறிய இரசாயனக் கூறுகள் படிந்து அதை வாய்திறக்க விடாமல் மூடியிருந்தன. அந்த மூடல் விதை வழியாகவும் தொடர்ந்தது, சில கிளைகளில் தானாகக் கலைந்து பழைய பூவும் வந்தது.

இன்னொன்று, பார்பரா மக்ளின்ரொக்கின் சோளம். புள்ளி விழுந்த சோள மணிகளை ஆராய்ந்து, இடம்விட்டு இடம் தாவும் பரம்பரைக் கூறுகள் இருப்பதை 1940களில் கண்டார். பலர் நம்பத் தயங்கினார்கள். நோபல் பரிசு 1983இல் வந்தது. நாற்றுமேடை அண்ணா சொன்ன நிறத்திட்டுகளில் சிலவற்றுக்கும் இப்படிப்பட்ட தாவல் காரணமாகலாம். புள்ளிகளும் கோடுகளும் ஒவ்வொரு இலையிலும் இடம்மாறித் தாறுமாறாக விழுந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சாப்பிடும் வற்றாளைக் கிழங்கைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தண்டில் கட்டிகளை உண்டாக்கும் அக்ரோபக்டீரியம் தன் பரம்பரையலகுகளைச் செடியின் கலத்துக்குள்ளேயே செருகிவிடும். பயிரிடப்படும் வற்றாளையில் அப்படிச் செருகப்பட்ட துண்டுகள் பல்லாயிரம் ஆண்டு பழைமையோடு இருப்பதை 2015இல் அறிவித்தார்கள். தொற்றாக வந்தது பரம்பரையாகவே தங்கிவிட்டது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே சுவர் இல்லை.


பச்சையம் (பம்பலப்பிட்டி)

மகளே, படித்து மனம் நிறைந்தது. தோட்டக்காரருக்கு ஆய்வுகூடம் இல்லையே என்று யாரும் சோர வேண்டாம். மூன்று கேள்விகளைக் கையோடு வைத்திருங்கள்: மாற்றம் ஒரு கிளையிலா, செடி முழுவதிலுமா? பக்கத்துச் செடிக்குப் போகிறதா? பதியத்திலும் விதையிலும் தொடர்கிறதா? முதல் கேள்விக்கு இன்றைக்கே விடை தெரியும். இரண்டாவதற்குச் சில வாரங்கள் வேண்டும். மூன்றாவதற்குப் பொறுமை வேண்டும், ஒரு பருவம்கூட ஆகலாம். சந்தேகம் தீராவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது.


பனங்காய் (கொட்டாஞ்சேனை)

விளக்கங்களுக்கு நன்றி. பேருவளை மணலைப் பற்றி இன்னும் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதை வேறு இழையில் தொடர்வோம். இப்போது ஒரு தென்னைக் கேள்வி. மாத்தறையில் இருக்கும் நண்பர் ஒருவர் வளவில் உள்ள தென்னையில் சில காய்கள் உடைத்தால் தண்ணீர் இல்லை, உள்ளே தடித்த வழுக்கை நிறைந்து பசைபோல் இருக்கிறது. அதே குலையில் மற்றக் காய்கள் சாதாரணமானவை. பச்சையம் ஐயாவின் கேள்விப்படி பார்த்தால் கிளை முழுவதும்கூட மாறவில்லை, ஒரு குலையில் சில காய்கள் மட்டும் மாறியிருக்கின்றன. இது எந்த வகை? அந்தக் காயை முளைக்க வைத்து இன்னொரு மரம் உண்டாக்க விரும்புகிறார்.


எள்ளுவயல் (வவுனியா, இப்போது மட்டக்குளி)

ஐயா, உங்கள் நண்பர் அதிர்ஷ்டசாலி. அது சிங்களத்தில் ‘டிகிரி பொல்’ என்று சொல்லும் தேங்காய். பிலிப்பைன்சில் மகாப்புனோ என்று பெரிய விலைக்கு விற்பதும் இதே வகைதான். இது அசல் விகாரம், பரவாது. பின்னடைவான பண்பு. மரத்துக்குப் பாதிதான் அந்தப் பண்பு இருக்கும், பூவில் சூலும் மகரந்தமும் இரண்டுமே அதைக் கொண்டுவந்து சேரும் காயில் மட்டும் வழுக்கை இப்படி ஆகும். அதனால்தான் ஒரே குலையில் இரண்டும். பருப்பில் உள்ள சீனிச் சேர்வையை உடைக்க வேண்டிய ஒரு நொதியம் குறைவதால் அது இறுகாமல் பசையாகவே நின்றுவிடுகிறது.

அந்தக் காயை நட்டால் முளைக்காது. உள்ளே முளையம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு உணவூட்ட வேண்டிய பருப்பு உதவாது, முளைக்கும் முன்னரே அழுகிவிடும். முளையத்தை வெளியே எடுத்து ஆய்வுகூடத்தில் ஊட்டம் கொடுத்துத்தான் கன்றாக்க வேண்டும். 1960களில் பிலிப்பைன்சில் எமெரிட்டா டி குஸ்மான் அதற்கு வழி கண்டார். உங்கள் நண்பர் லுணுவிலையில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதி, மரத்தைப் பற்றித் தெரிவிக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதே மரத்தின் சாதாரணக் காய்களை உரித்துக் கறிக்குத் துருவிவிடாமல் முற்றவிட்டு நாற்றுப் போடச் சொல்லுங்கள். அவை முளைக்கும். அவற்றில் பாதியாவது அந்தப் பண்பை மறைத்து வைத்திருக்கும். எந்தக் கன்று என்று பார்த்துச் சொல்ல முடியாது, ஆகவே சிலவற்றைத் தாய்மரத்துக்கு அருகிலேயே நட வேண்டும். மகரந்தம் ஒன்றுக்கொன்று போய்ச் சேர அதுவே வசதி. ஆனால் மாத்தறையில் இருந்து கன்றை வெளியே கொண்டுபோக வேண்டாம், வெலிகமை நோயின் கட்டுப்பாடு அங்கே இருக்கிறது. அங்கேயே வளரட்டும்.